காவிரியின் கடைசிக் காடு

திருவாரூர் போகிறவர்கள் ஆழித்தேரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தெற்கே திருத்துறைப்பூண்டியைத் தாண்டினால் முத்துப்பேட்டை. வனத்துறை அனுமதியோடு ஜாம்புவானோடையில் படகேறினால், கோரையாறு உங்களை அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகும். பரப்பு சுமார் 12,000 ஹெக்டேர்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் வயல்களை நனைத்து, வடிந்து, பாமணியாறு, கோரையாறு வழியாக இங்குள்ள காயலில் சேர்கிறது. எதிரே ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் சேற்றில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கரையெங்கும் ஆணி அடித்ததுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் சுவாசிப்பது இவற்றால்தான். வேண்டாத உப்பை இலை வெளியே தள்ளிவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைச் சாய்த்துப் போட்டது. அதைவிட மெதுவான ஆபத்து ஒன்று உண்டு. ஆற்றுநீர் குறையக் குறைய உப்பு ஏறுகிறது; அதைத் தாங்கும் வெண்கண்டல் மரமே இன்று காட்டில் பெரும்பகுதி. நீர் தேங்கி உப்பாகிப்போன திட்டுகளில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு, கன்றுகள் நடுகிறார்கள்.

‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தண்ணீரில்தான் இந்தக் காடு உயிர் வாழ்கிறது.