நிக்கோடிமஸ்: புல்வெளியில் ஒரு சிற்றூர்

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில் கன்சாஸ் மாநிலம் உள்ளது. அதன் வடமேற்கே, மரங்கள் அரிதான பரந்த புல்வெளியில், சொலமன் ஆற்றுக்கு அருகே நிக்கோடிமஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 14 பேர் மாத்திரமே. ஆயினும் அவ்வூரை இன்றும் தமது சொந்த ஊர் என்று சொல்பவர்கள் ஏராளம்.

காணி தேடி வந்தவர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமை முறையும் ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தென்மாநிலங்களில் காணியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அரச காணியில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்யும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை சொந்தமாகும் என 1862ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. இதை நம்பியே 1877இல் கென்டக்கி மாநிலத்திலிருந்து மக்கள் புறப்பட்டார்கள். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்தவர்கள், அங்கிருந்து சுமார் 35 மைல் தூரத்தை நடந்தும் வண்டியிலும் கடந்தார்கள்.

மண்ணுக்குள் வீடுகள்

1878 இளவேனிற் காலத்தில் வந்த குழுவில் வில்லியானா ஹிக்மன் என்ற தாயும் இருந்தார். எல்லிஸில் தங்கியிருந்தபோது சின்னமுத்து நோய் பரவிப் பல பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தத் துயரோடு வந்து சேர்ந்தவர், ஊர் எங்கே என்று கேட்டார். நிலத்திலிருந்து எழுந்த புகையைக் காட்டினார்கள். வீடு கட்ட மரம் இல்லாததால், நிலத்தைக் குடைந்து, புல் மண்ணால் கூரை அமைத்து, அதற்குள்ளே மக்கள் வாழ்ந்தார்கள். அதைக் கண்டதும் தாம் அழுதுவிட்டதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. ஹிக்மன் குடும்பம் தங்கியது.

முதற் குளிர்காலத்தில் உணவு போதவில்லை. வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தமது இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஏரும் குதிரையும் அரிது. மண்வெட்டியாலேயே நிலத்தைக் கொத்தினார்கள். ஆண்கள் பலர் கூலி வேலை தேடி வெகுதூரம் சென்றபோது, பயிரையும் பிள்ளைகளையும் பெண்களே காத்தார்கள். சூரியகாந்தித் தண்டுதான் விறகு. ஜெனி ஸ்மித் பிளெச்சர் என்ற பெண் ஊரின் தபாலதிபராகவும் ஆசிரியையாகவும் பணியாற்றினார்.

ரயில் வராத ஊர்

1880களின் நடுவில் அங்கே தேவாலயங்கள், கடைகள், ஹோட்டல், வங்கி, இரண்டு பத்திரிகைகள் எல்லாம் இருந்தன. ரயில் பாதை தம் ஊருக்கு வரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். 1888இல் அது ஆற்றின் மறுகரையில், சில மைல்கள் தள்ளிப் போடப்பட்டது. வியாபாரிகள் தமது கடைகளைப் பாதையோரத்து போக் என்னும் ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். பின்பு 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் மேலும் பலரை வெளியேற்றின. 1953இல் தபாலகம் மூடப்பட்டது. 1960இல் பாடசாலையும் மூடப்பட்டது.

திரும்பி வரும் நாள்

இருந்தபோதும் ஊர் அழிந்துவிடவில்லை. 1878 முதல் அங்கே விடுதலைத் திருநாள் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியில், பல நகரங்களிலும் வாழும் அவ்வூர்ச் சந்ததியினர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு வந்து கூடுகிறார்கள். ஊர்வலமும் ஆராதனையும் நடைபெறும். ஒன்றாகச் சமைத்து உண்பார்கள். மூத்தவர்கள் பழைய கதைகளைச் சொல்வார்கள். 1996இல் அரசாங்கம் இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. இரண்டு தேவாலயங்கள், ஹோட்டல், பாடசாலை, ஊர் மண்டபம் ஆகிய ஐந்து பழைய கட்டடங்கள் அதில் அடங்கும்.

சகோதரிகளே, ஓர் ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லிவிடும். அதை எத்தனை பேர் மறவாமல் இருக்கிறார்கள் என்பதை அந்த ஜூலை மாத நாட்களில்தான் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஊரின் கதையைச் சொல்லிக் கொடுத்த தாய்மாருக்கும் பேத்திமாருக்கும் அதிலே பெரும் பங்குண்டு.