கூசும் கண்கள்

கறுப்புக் கண்ணாடி அணிந்தவரைக் கண்டவுடன் நம் மக்கள் தீர்ப்பெழுதிவிடுகின்றனர். வெயிலில் அணிந்தால் பகட்டு. வீட்டுக்குள் அணிந்தால் செருக்கு. ஆலயத்திற்குள் அணிந்தாலோ அவபக்தி! நடிகரும் தலைவரும் அணிந்து பழகிய பொருளாதலால், அது ஒருவருக்கு மருந்தாகவும் இருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை.

ஒளியே நோவாகும் கண்கள் உண்டு. ஒற்றைத் தலைவலியால் வாடுவோர், கண் அறுவை செய்துகொண்டோர், நிறமியின்றிப் பிறந்தோர், ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் பலர் இத்துன்பம் அறிந்தவர்கள். “நன்றாகத்தானே கண் தெரிகிறது, பிறகென்ன?” என்று அவர்களிடம் கேட்பது பொருந்தாது. உருவம் காணும் திறனை இழந்து, ஒளியை மட்டும் உணரும் பார்வையற்றோருக்கும் வெளிச்சம் தலைவலியை மிகுவிப்பதை 2010-இல் போஸ்டன் நகர ஆய்வாளர்கள் கண்டனர். பார்வை வேறு, கூச்சம் வேறு.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசையே எண்ணிப் பாருங்கள். 1225-இல், கண்ணோய் முற்றிய நிலையில், புனித தமியானோ ஆலயத்தை அடுத்த சிறு குடிலில் கிடந்தார். ஐம்பது நாள்களுக்கும் மேலாகப் பகலில் கதிரொளியையும் இரவில் நெருப்பொளியையும் அவரால் தாங்க இயலவில்லை என்று அவருடைய தோழர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. கதிரவனையும் நெருப்பையும் சகோதரர் என்றழைத்து இறைவனைப் புகழ்ந்த பாடல் பிறந்தது அந்த இருட்டில்தான்! பின்னாளில் அவர் முக்காட்டால் முகத்தை மறைத்து, கண்களைத் துணியால் மூடிப் பயணம் செய்தார். அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த கறுப்புக் கண்ணாடி அதுவே.

நம் பங்கின் பாடற்குழுவில் ஓர் இளம் ஆசிரியை உண்டு. “கோயிலில் என்ன வேடம்?” என்று யாரோ கடிந்துகொண்டபின், சில மாதங்கள் வெளித்தாழ்வாரத்தில் நின்றே பூசை கண்டார். அழைத்துக் கேட்டோம். “வெயிலைவிட இந்தக் குழல் விளக்குதான் கொடுமை, சாமி” என்றார். பழைய சோக் பொருத்திய குழல் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. நமக்குத் தெரிவதில்லை, அவர் தலைக்குத் தெரிகிறது. நாள் முழுதும் கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் இன்னும் மிகும் என்று எச்சரித்த மருத்துவர், கட்டடத்துக்குள் அணிய இளஞ்சிவப்புக் கண்ணாடி தந்திருந்தார். அதற்குத்தான் ‘வேடம்’ என்ற பெயர்.

குழுவின் தலைக்கு மேலிருந்த இரு விளக்குகளை அணைக்கச் சொன்னோம். பாட்டுப் புத்தகம் தெரியவில்லை என்று முதியவர் இருவர் முறையிட்டனர், நியாயம்தான். அவர்களை மறுபக்கத்து விளக்கடிக்கு மாற்றினோம். ஆசிரியை இப்போது மூன்றாம் தூணருகே நின்று பாடுகிறார். தாழ்வாரத்தில் அவருக்கெனப் போட்டிருந்த நாற்காலியை உபதேசியார் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.