உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். நெய்து முடித்த துணியை அப்பா வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார். முப்பது வருடம் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான். அப்பா துணியைப் பார்த்த மாதிரி நான் தோலைப் பார்க்கப் பழகினேன்.

கத்திரியில் திருத்தணிப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் தோலைக் கெடுப்பது சூடு அல்ல, வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுந்தால் அந்தக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். காற்று இதமாக இருந்தாலும் சரி. அப்போது குடை வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும். அதுவும் நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற துணியில் கதிரும் நுழையும். இதை நெசவாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துவிடுகிற கூட்டம் எங்களுடையது. நூலுக்குக் காட்டிய அந்தக் கவனத்தைக் கழுத்துக்கும் காதுக்கும் காட்டினால் போதும். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமில்லாத பிள்ளைகளுக்கு மட்டும் இது போதாது. அவர்களுக்குத் தொப்பி, சன்ஸ்க்ரீன், தோல் மருத்துவரிடம் தவறாத பரிசோதனை எல்லாம் சின்ன வயதிலிருந்தே வேண்டும்.

முகத்தில் மங்கு விழுந்துவிட்டது என்று க்ரீம் கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். உள்ளங்காலைக் காட்டவென்று யாரும் வந்ததில்லை. நம் கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் நமக்கு இயற்கை கொடுத்த குடை. அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்று மிகவும் குறைவு. அதையே ‘நமக்கு வராது’ என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. வருகிறது. வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாடகர் பாப் மார்லிக்கு அது கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது; 1981இல் 36 வயதில் இறந்துபோனார்.

இன்னொரு இடம் இடுப்பு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர் கானோல்கர், சூரியாபாயுடன் சேர்ந்து 1945இலேயே வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி எழுதிவிட்டார். பாவாடை நாடா அறுத்த இடத்தில் புற்று வந்த இரண்டு பெண்களைப் பற்றி 2024இலும் மருத்துவர்கள் எழுதினார்கள். நாடா பதிந்து கறுத்து, தோல் உரிந்து, வருடக்கணக்காக ஆறாமல் இருக்கும் புண்ணைப் புடவைக்குள் மறைத்து வைத்திருக்கும் அம்மாக்களை நான் அறிவேன். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அக்கா வந்தார். சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு முழங்காலுக்குக் கீழே இருந்தது. இருபது வருடம் சும்மா கிடந்த தழும்பில் திடீரென்று புண். மூன்று மாதம் நானே சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். புண்ணின் ஓரம் தடித்து, காலிஃப்ளவர் மாதிரி மேலே எழும்பியது. தொட்டாலே ரத்தம், ஒரு மாதிரி வாடை. ‘ஆறிடும்க்கா, சர்க்கரையைக் குறைங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மருத்துவர் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லி, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார். உயிர் தப்பியது. கால் போய்விட்டது. அந்த மூன்று மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு திருத்தணி முருகன் கோயில் ஆடிக் கிருத்திகை மருத்துவ முகாமுக்கு யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன். காவடி தூக்கி, வெறுங்காலோடு நடந்து, 365 படியும் ஏறி இறங்கியவர்கள் கொப்புளத்துக்கு மருந்து போட வருவார்கள். இத்தனை உள்ளங்கால்களை ஒரே நாளில் வேறெங்கே பார்க்க முடியும்? மருந்து போடும் சாக்கில் விரல் இடுக்குவரை பார்ப்பேன். ஒருமுறை ஒரு பெரியவரின் குதிகாலில் ஓரம் கோணல்மாணலாக, ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் பழுப்பாகவும் ஒரு படை. ‘ஆணிம்மா, பிளாஸ்டர் போட்டுக்கிட்டிருக்கேன்’ என்றார். ஆணி அப்படிப் பல நிறத்தில் படராது. அவர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நகத்தில் கறுப்புக் கோடு நம்மவர்களுக்குச் சகஜம். பல விரல்களில் மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைத் தாண்டித் தோலிலும் கறுப்பு இறங்கினால் காட்டியே ஆக வேண்டும். மருதாணி போட்ட நகத்தில் இது தெரியாது. வருடத்தில் ஒருமுறையாவது மருதாணி முழுசாக வளர்ந்து போகும்வரை விட்டு, பத்து விரலையும் பாருங்கள்.

குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாத வயதில் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். இன்று ராத்திரி அவர்கள் காலை மடியில் எடுத்து வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நாலு வாரமாக ஆறாத புண் இருந்தால் கட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ‘சதை எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள்.