கொக்குச் சைக்கிளின் கோத்திரம்

சிரஞ்சீவி முரளிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம்.

மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று சொல்கிறார்கள். நம் குடமுருட்டியில் இன்னும் மணல்தான் தெரிகிறது. நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் இந்த இரண்டு நாள் ஓய்வில்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது.

உன் தாத்தாவின் சைக்கிளுக்குப் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்து, நீ இங்கிலாந்தில் தேடி வாங்கி வைத்திருக்கும் ராலே கம்பெனியின் கொக்குத் தகட்டை அதன் நெற்றியில் பதித்து, கூடத்தில் நிறுத்தவேண்டும் என்று எழுதியிருந்தாய். தாத்தாவை நீ பார்த்ததில்லை. பார்க்காதவர்மீது இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாயே என்று உன் பெரியம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஆனால் தகட்டை அனுப்பிவிடாதே. அந்தச் சைக்கிள் ராலே அல்ல.

அதை ராலே என்று உனக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். முன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, ஆற்றங்கரை வண்டிப்பாதையில் மதகு பார்க்க அப்பா மிதித்துக்கொண்டு போகையில், கீழே குனிந்தால் செயின் ஏறும் பல்சக்கரத்தின் நடுவில் வெட்டப்பட்ட கொக்குத் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும். தலையை நிமிர்த்தினால் நடவு வயலில் அதே கொக்குகள் நின்றுகொண்டிருக்கும். பாட்டி அதற்குக் 'கொக்குச் சைக்கிள்' என்றே பெயரிட்டிருந்தாள். கொக்குத் தலை ராலே ஸ்தாபனத்தின் சின்னம். அதை வளர்த்த பிராங்க் பௌடன் என்பவருடைய குடும்ப முத்திரையிலிருந்து வந்தது. ஆகவே ஊரார் சொன்னது, வீட்டார் சொன்னது, கண் கண்டது எல்லாம் ஒன்றாக இருந்தபடியால், அறுபது ஆண்டுகளாக ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

சந்தேகத்தை எழுப்பியவர் அப்பாவேதான். உன் கடிதம் கண்டதும், அவர் சைக்கிள் வாங்கிய ஆண்டை உனக்கு எழுதலாமென்று பரணிலிருந்து அவருடைய கணக்கு நோட்டுகளை இறக்கினேன். விரோதி வருஷம் தை மாதம், அதாவது 1950 தொடக்கத்தில், சம்பா நெல் விற்ற வரவுக்குக் கீழே 'பழைய சைக்கிள் 1' என்று மட்டும் ஒரு வரி இருக்கிறது. கயிற்றுக்கும் மண்வெட்டிக் காம்புக்கும்கூட விவரம் எழுதுகிறவர், சைக்கிளின் பெயரை எழுதவில்லை. ஆனால் பதினோராண்டு கழித்து, 1961-ஆம் வருஷத்து நோட்டில், 'சைக்கிளுக்குப் பல்சக்கரம், கிராங்குடன், பழையது, கும்பகோணம்' என்று தெளிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அப்போது ஆறு வயது. நான் முன் பாரில் உட்கார்ந்து பார்த்த கொக்குகள், வேறு ஏதோ ஒரு சைக்கிளிலிருந்து கழற்றப்பட்டு, எங்கள் வீட்டுக்கு நடுவில் வந்து சேர்ந்தவை!

நம் டெல்டாவில் ஒரு சைக்கிளின் ஜாதகம் இப்படித்தான் இருக்கும். சேற்றிலும் உழைத்து, கேரியரில் நெல் மூட்டையும் சுமந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயிலுக்குப் போகிற வண்டியில் ரிம் மாறும், ஹப்பு மாறும், மட்கார்டு மாறும், சீட்டு மாறும். மாறாமல் நிற்பது பிரேம் ஒன்றுதான். கழற்றி மாட்டக்கூடிய எந்த உறுப்பையும் சாட்சிக்கு அழைக்கக்கூடாது என்பது இதிலிருந்து நான் கற்ற முதல் பாடம். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்று இங்கிலாந்தின் பழைய கணக்குப்படி நம் சைக்கிளில் இருப்பதைக்கூட நான் தள்ளிவிட்டேன். அந்தக் கணக்கை நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அப்படியே பின்பற்றின.

பிரேமின்மேல் பெயரோ முத்திரையோ இல்லை. முன் தலைக்குழாயில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிறு துளைகள் வர்ணம் அடைத்துக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே தகடு இருந்திருக்கிறது. சீட்டுக்குக் கீழே நகக்கண் அளவு சுரண்டிப் பார்த்தேன். மேலே நீலம், அடுத்துப் பச்சை, அடியில் சூளையில் சுட்ட பழைய கறுப்பும் அதன்மேல் மயிரிழை போன்ற பொன் கோடும் தெரிந்தன. சீட்டுத் தண்டை உருவிவிட்டு டார்ச்சு அடித்துப் பார்த்ததில், குழாயின் உட்சுவர் வழுவழுப்பாக இருந்தது. மலிவான பிரேமில் தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாய் இருக்கும். நெல்மணியின் முதுகில் ஓடும் வரம்பைப்போல அதனுள்ளே நீளமாக ஒரு வரம்பு ஓடும். நம்முடையது வரம்பில்லாமல் இழுத்துச் செய்த குழாய்.

இங்கே உனக்கு ஒரு விஷயத்தைச் சற்று விளக்கவேண்டும். நீ குடியிருக்கும் கவென்ட்ரியில்தான் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறத்தாழச் சமமாக, பின் சக்கரத்தைச் செயின் இழுக்கும்படியான ரோவர் என்னும் வண்டியைச் செய்தார். நம் வண்டியின் உருவம் அதன் வம்சத்தில் வந்ததுதான். ஆனால் அவ்வுருவத்தை உலகத்துக்கெல்லாம் மலிவாக்கிய ஊர், உனக்கு அண்டையிலுள்ள பர்மிங்ஹாம். அங்கே குழாய் இழுப்பவன் ஒருவன், குழாய்கள் கூடுமிடத்து மூட்டு உறைகளை அடிப்பவன் ஒருவன், அவற்றைக் கோத்துப் பித்தளை உருக்கிப் பற்றவைப்பவன் ஒருவன். துப்பாக்கி செய்ய 1861-ல் ஏற்பட்ட பி.எஸ்.ஏ. கம்பெனி, மூன்று துப்பாக்கிகளைக் குவித்து நிறுத்திய முத்திரையுடன், மூட்டு முதலிய உறுப்புகளை யார் கேட்டாலும் விற்றது. வாங்கியவர்கள் பிரேமாக்கித் தங்கள் பெயரைக் கடுதாசிப் படமாக ஒட்டினார்கள். எனவே பெயர் என்பது சைக்கிளிலேயே கடைசியாக ஏறுவது, முதலில் உதிர்வது. செய்தவனை அறியவேண்டுமானால், வர்ணம் எட்டாத இடத்தில் அவன் கை என்ன செய்தது என்று பார்க்கவேண்டும்.

அப்படிப்பட்ட இடம் பெடல் அச்சு சுழலும் பெட்டி, கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். சைக்கிளைக் கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், மகன் கடையில் வாசலில் உட்கார்ந்திருப்பார். கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. காட்டர் பின்னைத் தட்டிக் கிராங்கைக் கழற்றி, இருபக்கக் கப்பையும் எடுத்தபோது, கருத்த கிரீஸுக்குள்ளிருந்து பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் காகிதத்தில் உதிர்ந்தன. பெரியவர் பெட்டியின் மரையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உள்ளே ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு பழைய ராலே கப்பைப் பொறுக்கி வைத்துத் திருகினார். குறுக்களவு கண்ணுக்கு ஒன்றேதான்; ஆனால் ஒன்றரைச் சுற்றில் அது நின்றுவிட்டது. "இதுக்கு மேல பலவந்தம் பண்ணினா மரை செத்துப்போகும் சார்" என்று சொல்லி, வேறொரு கப்பை எடுத்து விரலாலேயே சுற்றினார். அது கடைசிவரை ஏறிற்று.

அந்த ஒன்றரைச் சுற்றில்தான் அறுபது வருஷ நம்பிக்கை முடிந்தது. நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனி இவ்விடத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. ஏனைய ஆங்கிலக் கம்பெனிகளில் பெரும்பாலானவை 24 மரைதான் வெட்டின. ராலே 1932-ல் ஹம்பரையும் 1943-ல் ரட்ஜையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. நாட்டிங்ஹாமில் பிறந்த அந்த வண்டிகளுக்கும் இந்த வழக்கமே. ஹம்பரின் உயர்ந்த வண்டிகளில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருக்கும். நம்முடையதில் ஒற்றைக் குழாய். ஆக, கொக்கு வம்சம் முழுவதும் விலகிவிட்டது. நான் கேலிப்பர் வைத்து எண்ணிப் பார்த்தேன். 24 மரை சரியாக இருக்கிறது.

இனிக் காலத்தைப் பார். அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூடி 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தோற்றுவித்தார்கள், 1951-ல்தான் அங்கிருந்து ஹெர்குலிஸ் வண்டி வெளிவந்தது. சோனிபட்டில் அட்லஸும் அதே ஆண்டு. லூதியானாவின் ஹீரோ 1956. 1950 தை மாதத்திலேயே 'பழைய சைக்கிள்' என்று எழுதப்பட்ட ஒன்று இவற்றில் எதுவாகவும் இருக்க முடியாது. யுத்தத்துக்குச் சற்று முன் பாட்னாவிலும் பம்பாயிலும் தொடங்கிய தொழிற்சாலைகளை ஒதுக்கிவிட எனக்கு முழு நியாயம் இல்லை. ஆனால் குழாயின் தரமும், மூட்டு ஓரங்களில் அரம் போட்டு இழைத்திருக்கும் நேர்த்தியும், பித்தளைப் பற்று ஒரு சொட்டுக்கூட வெளியே வழியாமல் நிற்கும் அடக்கமும், கப்பலில் வந்த சரக்கு என்றே என்னை நினைக்கச் செய்கின்றன. மூட்டுகளில் மூன்று துப்பாக்கி முத்திரை இல்லை. எட்மண்ட் கிரேன் 1910-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய ஹெர்குலிஸாகவோ, அதன் அருகே ஸ்மெதிக்கிலிருந்து வந்த பிலிப்ஸாகவோ இருக்கலாம் என்பது என் அநுமானம். இரண்டும் நம் ஜில்லாவில் நன்றாக ஓடிய பெயர்கள்தாம். அதற்குமேல் ஒரு பெயரைச் சொல்லிக் கையெழுத்திட எனக்கு மனம் துணியவில்லை.

இதனால் நீ ஏமாற்றம் அடையவேண்டாம். போன முறை வந்தபோது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றாயே, அவற்றில் எதை வார்த்த ஸ்தபதியின் பெயர் உனக்குத் தெரியும்? பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனியும் எத்தனை விரல் உயரம், எத்தனை கை, கனமா பொள்ளலா என்றெல்லாம் அளந்து எழுதி, கொடுத்தவர் பெயரையும் பொறித்திருக்கின்றன. வார்த்தவர் பெயரைப் பொறிக்கவில்லை. ஆயினும் இடை வளைவையும் ஆடையின் மடிப்பையும் பீடத்தின் வரியையும் கண்டு, இன்ன காலம், இன்ன வழி என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நம் சைக்கிளுக்கும் பெயர் தெரியாவிட்டாலும் கோத்திரம் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் வேறு குலத்தின் தகட்டை அதன் நெற்றியில் அடிப்பது, அப்பா எழுதாமல் விட்ட வரியை நாம் பொய்யாக எழுதுவதாகும்.

கொக்குப் பல்சக்கரத்தைக் கழற்றவேண்டாமென்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அதுவும் அப்பா காசு கொடுத்து வாங்கியதுதான். பாட்டி இட்ட பெயருக்கு அதுவே ஆதாரம். வர்ணமும் இப்போதைக்கு வேண்டாம். நீலத்துக்குக் கீழே அந்தப் பொன் கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று மழைக்காலத்தில் உட்கார்ந்து மெல்லச் சுரண்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. தலைக்குழாயின்மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, இரண்டு துளைகளையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். காகிதம் சுருங்கினாலும் பிழை வராதிருக்கப் பக்கத்திலேயே ஓர் அங்குலக் கோடும் போட்டிருக்கிறேன். உன் ஊர்ப் போக்குவரத்து மியூசியத்தில் பழைய சைக்கிள்கள் நிறைய வைத்திருக்கிறார்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், 1950-க்கு முந்திய பர்மிங்ஹாம் வண்டிகளின் தகடுகளில் ஆணிகள் மேலும் கீழுமாக இருப்பவை எவை, அவற்றின் இடைவெளி இந்தக் காகிதத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்த்து எழுது. கிட்டப்போக விடாமல் கயிறு கட்டியிருந்தால், காவலரிடம் காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொல். கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வாசலில் பையன்கள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று கத்துகிறார்கள். நான் போய்ப் பார்த்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா