சைலன்சருக்குள்ள இருக்கிற தேன்கூடு

உழவர் சந்தைக்கு வெண்டையும் கத்தரியும் ஏத்திட்டுப் போற என் பழைய பெட்ரோல் வேன், ரெண்டு மாசமா மேடு ஏற மாட்டேன்னு அடம் புடிச்சுதுங்க. எவ்வளவு மிதிச்சாலும் 40ஐத் தாண்டாது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட்டும் அணையல. மெக்கானிக் தம்பி சென்சரைக் கழட்டி, அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தாப்ல. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சுங்கண்ணா"ன்னாப்ல.

உங்க பெட்ரோல் கார்லயும் இது இருக்கும். வெளியே பார்த்தா புகைக்குழாய்ல ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி பொடி ஓட்டை போட்ட பீங்கான். அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை கூடின உலோகப் பூச்சு. விஷமான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடா மாத்துறது இதோட வேலை. ஈயம் பட்டா இந்தப் பூச்சு செத்துடும். அதனாலதான் 1995ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினப்பவே ஈயமில்லாத பெட்ரோலையும் கொண்டு வந்தாங்க.

எனக்கு மூணு வழி சொன்னாங்க. கம்பெனி சாமான் 24,000 ரூபாய். வெளிச்சந்தை சாமான் 9,500. மூணாவது, கம்பியால பீங்கானைக் குத்தி எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டுறது. அதுக்குக் கூலி மட்டும்தான். வெண்டை கிலோ 20 ரூபாய்க்குப் போற காலத்துல 24,000ங்கிறது 1,200 கிலோ வெண்டைங்க.

ஆனா மூணாவது வழிக்கு நான் ஒத்துக்கல. அது சட்டப்படி தப்பு, புகைப் பரிசோதனையிலும் நிக்காது. அதைவிட, என் வீட்டம்மாவுக்கு வீசிங் உண்டு. விடியக்காலம் 4 மணிக்கு மூட்டைகளோட பின்னாடிதான் உக்கார்ந்து வருது. வாழைத்தார் ஏத்துற அன்னைக்கு எங்க ஊர் வேன்கள்ல பின்கதவு பாதிதான் சாத்தும். அந்தச் சந்துல புகை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நல்ல கன்வெர்ட்டர் இருந்தாலும் அது சூடேறுற வரைக்கும் வேலை செய்யாது. கதவைச் சாத்தி ஓட்டுறதுதான் எப்பவும் நல்லது.

அடுத்து நான் கேட்டது, இது ஏன் அடைச்சுதுன்னு. சொட்டுநீர் ஃபில்டர் அடைச்சா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி தொட்டியில சேறு இருக்கான்னு பார்க்கிறோமில்ல? அதே கணக்குதான். பார்த்தா ஒரு பிளக் ஒயர் செத்துக் கிடந்துச்சு. அந்த சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, பீங்கானே உருகிப் போச்சு. பிளக்கும் ஒயரும் மாத்தாம புதுசு போட்டிருந்தா அதுவும் சீக்கிரமே போயிருக்கும். இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டிக்கும் இதே கதைதான்.

கடைசியில வெளிச்சந்தை சாமானையே வாங்கினேன். நான் பார்த்தது இவ்வளவுதான்: என் இன்ஜினுக்கும் வண்டியோட பி.எஸ். தரத்துக்கும் பொருந்துதா, சென்சர் ஓட்டை அதே இடத்துல இருக்கா, வெட்டி வெல்டிங் வைக்காம போல்ட்லயே மாட்டலாமா, டார்ச் அடிச்சா தேன்கூடு முழுசாத் தெரியுதா, பில்லோட வாரண்டி எழுதித் தர்றாங்களா. வாரண்டி எழுதித் தராத கடையில 2,000 ரூபாய் கம்மியாச் சொன்னாங்க. வேண்டாம்னு வந்துட்டேன்.

இன்னொண்ணு. கழட்டின பழசை ஒர்க்‌ஷாப்ல சும்மா விட்டுட்டு வராதீங்க. பீங்கான் உருகியிருந்தாலும் அந்த உலோகம் அதுலதான் இருக்கு. அதைப் பிரிச்செடுக்க வாங்கிக்கிற வியாபாரிகள் இருக்காங்க. உடைச்சும் பார்க்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. முழுசாக் கொடுத்து, விலை பேசி வாங்குங்க.