வெளுத்தவாவு

பூவாரில் எங்கள் வீட்டு நடுச்சுவரில் ஒரு படம் இருந்தது. உறவில் ஒரு கன்னியாஸ்திரி கொடுத்த காலண்டரிலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டு மாட்டியது. சிலுவையில் இயேசு. கீழே மாதாவும் அருளப்பரும் நிற்க, மதலேன் மரியாளும் எரோணிமுஸும் முழந்தாள்படியிட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் சம்மனசுகள். கீற்று மேகத்தில் கால்விரலை ஊன்றியபடி, காயங்களில் வழியும் ரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்துவார்கள். ஒருவருக்கு இரண்டு கிண்ணம், மற்றவருக்கு ஒன்றுதான். விலாக்காயத்துக்கும் சேர்த்து இரண்டு என்பது எனக்குப் பிடிபட வெகுநாளாயிற்று.

உச்சியில் இருந்ததுதான் பிடிபடவே இல்லை. ஒரு பக்கம் முகம் வைத்த சூரியன், மறுபக்கம் முகம் வைத்த நிலா. இது பகலா, ராத்திரியா? ஒரு பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சியும் பயறும் குடித்துக்கொண்டிருந்த பாட்டாவிடம் கேட்டேன். கரமடி வலை இழுத்துக் காய்த்த கை. தலையைத் தூக்கிப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

“வெளுத்தவாவு அன்னைக்குப் பொழிமுகத்தில நின்னு பாரு மக்கா. அந்தப் பக்கம் சூரியன் கடல்ல விழும், இந்தப் பக்கம் நிலா தென்னைக்கு மேல ஏறும். பெரிய வெள்ளி எந்த வருசம் வாவை விட்டு விலகியிருக்கு?”

பௌர்ணமியைத்தான் சொன்னார். கணக்கு சரிதான். யூதர்களின் பாஸ்கா முழுநிலாவில் வருவது. மார்ச் 21க்கோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே பாஸ்காவை ஒட்டி இயேசு இறந்த அன்று நண்பகலில் இருட்டியதைச் சூரிய கிரகணம் என்று சொல்லிவிடவும் முடியாது, அது அமாவாசையில்தான் வரும். சூரிய சந்திரர் துக்கத்துக்குச் சாட்சி என்பார்கள் கலை தெரிந்தவர்கள். இருக்கட்டும், எனக்குப் பாட்டா சொன்னது போதும்.

அந்தப் படம் ரஃபேல் வரைந்தது என்று கல்லூரியில்தான் தெரிந்தது. 1502-03 வாக்கில், இருபது வயதை ஒட்டி, சிட்டா டி காஸ்டெல்லோ ஊர்க் கோவிலுக்காகப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. கையெழுத்து மட்டும் இல்லாவிட்டால் ஓவியர் பெருஜினோ வரைந்ததென்றே நினைப்பார்கள் என்று எழுதினார், ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி. எனக்கு வேறு குறை. எங்கள் கோவில் சுரூபத்தின் காயங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த இயேசு வலியே அறியாதவர். எங்கள் கரையோடு வைத்துப் பார்த்தால், புனித சவேரியார் பூவார் முதல் பள்ளம் வரை மீனவரான முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த 1544இல் இந்தப் படத்துக்கு நாற்பது வயது.

1924 முதல் அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பார்க்கக் காசு வாங்குவதில்லை. ஒன்பதடிக்கு மேல் உயரம், போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.