கடவுச்சொல்லும் ஓர் அமானிதமே



முன்பெல்லாம் நம் வீடுகளின் சாவிக்கொத்து வீட்டுத் தலைவியின் இடுப்பில் இருந்தது. தலைவாசலுக்கு ஒன்று, பெட்டகத்திற்கு ஒன்று, சாமான் அறைக்கு ஒன்று. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்பதை அவர் அறிவார். அவர் இல்லாத வேளையில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். இன்றைய வீடுகளிலோ கண்ணுக்குத் தெரியாத சாவிகள் பெருகிவிட்டன. மின்கட்டணம், எரிவாயு முன்பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் செயலி, வீட்டு இணையம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. நம் ஊர்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் கடல் கடந்து வாழ்பவராகவும் இருக்கிறார்.

இதன் பொருளை எங்கள் குடும்பம் அண்மையில் உணர்ந்துகொண்டது. மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் தம்பி ரியாத்தில் பணிபுரிகிறார். அவருடைய மனைவியும் பிள்ளையும் எங்களோடு இருக்கின்றனர். முழங்கால் வலியால் வெளியே செல்ல இயலாத உம்மாவுக்கு, இஷா தொழுகைக்குப் பின் தம்பியின் முகத்தைக் கைப்பேசியில் பார்ப்பதே அன்றைய நாளின் நிறைவு. இங்கு இரவு 9 மணி ஆகும்போது அங்கு மாலை 6.30 மணி. பணி முடிந்து வந்ததும் அவர் அழைப்பார். எங்களுடையது பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. உள்ளே கைப்பேசிச் சமிக்ஞை நிலையாகக் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டு வைஃபை ஒன்றே வழி.

சென்ற மாதம் உம்மாவின் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பழுதாகிவிட்டது. மறுநாள் புதியது வாங்கினோம். அது வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டது. வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுப்பில் வந்தபோது இணைப்பைப் பெற்றுக் கடவுச்சொல்லை அமைத்தவர் தம்பி. தெரு முனைக்குச் சென்று அவரை அழைத்தோம். "நான் என்ன போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல காக்கா. புள்ள பேரும் பொறந்த வருசமும் போட்டுப் பாருங்க" என்றார். அதையும் போட்டுப் பார்த்தோம்; திறக்கவில்லை.

இத்தனை நாள் இது வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கருவிக்கு ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அது தன்னுள் சேமித்துக்கொள்கிறது. பிறகு நம்மைக் கேட்பதே இல்லை. கருவி நினைவில் வைத்திருப்பதால் மனிதர் மறந்துவிடுகிறார். புதிய கருவி ஒன்று வரும்போதுதான் மறதி வெளியே தெரிகிறது. ஊகித்துக் கண்டுபிடிப்பதும் வீண் முயற்சியே. இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்னும் பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகளும் அதிகபட்சம் 63 எழுத்துகளும் கொண்டது. ஓர் எழுத்து மாறினாலும் கதவு திறக்காது.

இதற்குள் பல ஆலோசனைகள் வந்து சேர்ந்தன. இணைய நிறுவனத்தின் ஊழியர் தொலைபேசியில், "ரீசெட் பட்டனை அமுக்குங்க, ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன்" என்றார். உறவினர் ஒருவர், கடவுச்சொல்லை உடைத்துத் தரும் செயலி இருப்பதாகச் சொன்னார். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

ரௌட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளிருக்கும் பொத்தானைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்தால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். கடவுச்சொல் மட்டும் அழிந்தால் கவலையில்லை. இணைய நிறுவனம் நமக்கெனப் பதிந்து வைத்த பயனர் பெயரும் பிற அமைப்புகளும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும். அவற்றை மீண்டும் பதியும் வரை வீடு முழுவதற்கும் இணையம் இராது. ஆதலால் அது இறுதி வழியாக இருக்க வேண்டுமேயன்றி முதல் வழியாக அன்று. கடவுச்சொல்லை உடைப்பதாகச் சொல்லும் செயலிகளோ பெரும்பாலும் வெறும் ஏமாற்று. சில நம் கைப்பேசியில் உள்ளதைத் திருடுவதற்கென்றே அமைந்தவை. திறக்க உரிமையில்லாத பூட்டைத் திறக்கும் கருவியை, நம் சொந்தப் பூட்டின் பொருட்டாயினும் பிள்ளைகளின் கையில் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை.

வழி சொன்னவள் பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள். "வாப்பா, மத்த போனெல்லாம் இன்னும் கனெக்ட் ஆயித்தானே இருக்கு. அதுக்குத் தெரியுமே!" என்றாள். ஆம், நாம் மறந்ததை நம் கருவிகள் மறக்கவில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலான கைப்பேசிகளில் வைஃபை அமைப்பிற்குச் சென்று, இணைந்திருக்கும் வலையமைப்பைத் தொட்டு, பகிர் என்பதை அழுத்தினால் விரல் ரேகையோ பூட்டு எண்ணோ கேட்கும். அதன்பின் ஒரு கியூஆர் குறியீடு தோன்றும். புதிய கைப்பேசியால் அதைப் படம் பிடித்தாலே இணைந்துவிடும். பல கைப்பேசிகளில் குறியீட்டின் கீழ் கடவுச்சொல்லே எழுத்தாகத் தெரியும். ஐஃபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை அமைப்பிலேயே கடவுச்சொல்லைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டுக் கைப்பேசிகள் பழையவை. அவற்றில் இவ்வசதி இல்லை. ஆனால் மகன் பயன்படுத்தும் விண்டோஸ் மடிக்கணினி இணைந்தே இருந்தது. அதில் வலையமைப்பு அமைப்புகளுக்குள் சென்று, வயர்லெஸ் பண்புகள், பாதுகாப்பு என அடுத்தடுத்துத் திறந்து, எழுத்துகளைக் காட்டு என்னும் கட்டத்தில் குறியிட்டதும் கடவுச்சொல் திரையில் தெரிந்தது. அன்றிரவே உம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் காரியம் அத்துடன் முடியவில்லை. வைஃபைக்கு ஒரு கடவுச்சொல் என்றால், ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்திற்கு வேறொன்று உண்டு. முன்னது வாசல் சாவி. பின்னது பூட்டையே மாற்றும் சாவி. அது பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் ரௌட்டர் வாசற்படிக்கு மேலே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கண்ணாடியிழைக் கம்பி மடங்கினால் உள்ளே முறிந்துவிடும் என்பதால் மெல்ல இறக்கி, மங்கிய எழுத்துகளைக் கைப்பேசியால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். பிறகு மடிக்கணினியின் உலாவியில் 192.168.1.1 என்னும் முகவரியைத் திறந்தோம். சில ரௌட்டர்களில் அது 192.168.0.1 என்றிருக்கும். வைஃபை வழியாக நுழைய இயலாதவர்கள் லேன் கேபிளால் கணினியை ரௌட்டருடன் நேரே இணைத்தும் இப்பக்கத்தை அடையலாம். சீட்டில் இருந்த பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டன.

அங்கே, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தவை தொலைக்காட்சியையும் சேர்த்து 6. பட்டியலில் இருந்தவை 8. அறியாத இரண்டு கருவிகள் எங்கள் இணையத்தில் இருப்பதைக் கண்டதும் வீட்டாருக்குத் திடுக்கென்றது. உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். இரவு அழைப்பில் தம்பியிடம் கேட்டோம். "அது பக்கத்து வீட்டுப் புள்ளையோடது காக்கா. தகப்பன் இல்லாத புள்ள, படிக்கணும்னு கேட்டுச்சு, நான்தான் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு" என்றார்.

கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் பிள்ளையின் இணைப்பும் அறுந்துவிடும். உம்மா சொன்னார்கள்: "சொல்லாம கொள்ளாம அறுத்துவிட்டா, நாம வேணாம்னு சொன்ன மாதிரிதானே அந்தப் புள்ள நெனக்கும்? முதல்ல போய்ச் சொல்லிட்டு வா, வாப்பா." மறுநாள் காலை சென்று சொன்னோம். அந்தத் தாய் சற்றுக் கூசினார். பிள்ளையோ தன் பாடக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினான். தம்பி சொன்ன கடவுச்சொல்லை, தேதியோடு, அழகான எழுத்தில் அவன் எழுதி வைத்திருந்தான். வீட்டார் எவரிடமும் இல்லாத சாவி அண்டை வீட்டுப் பிள்ளையிடம் பத்திரமாக இருந்தது. கொடுத்தவர் மறந்துவிட்டார், பெற்றவன் எழுதி வைத்தான்.

அன்று மாலை நிர்வாகப் பக்கத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தோம். சீட்டில் அச்சிட்டிருந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினோம். ஏனெனில் அதை அறிந்த எவரும் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும். வைஃபைக்குப் புதிய கடவுச்சொல் அமைத்தோம். தொலைபேசி எண், பிறந்த ஆண்டு, பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தோம். நீளமானதே வலுவானது, சொற்களாய் இருப்பதால் உம்மாவுக்கும் சொல்ல எளிது. மூன்றாவதாக, விருந்தினருக்கென ஒரு தனி வலையமைப்பைத் திறந்து அதன் கடவுச்சொல்லை அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டின் பிற கருவிகளை அணுக இயலாது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ, அதன் வழியே நடப்பதைப் பற்றிய விசாரணை முதலில் அவரிடமே வரும். ஆதலால் கொடுப்பதும் தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். பெறுவதும் கேட்டுப் பெறுவதாக இருக்க வேண்டும். பிறர் வீட்டினுள் அனுமதி பெற்றே நுழையப் பழக்கப்பட்ட சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாவில் மாணவர்களிடம் கேட்பதுண்டு. அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அவ்வசனம் பேசுகிறது. மனிதன் மறப்பவன் என்பதை நம் மார்க்கம் குறையாகச் சொல்லிக் கடந்துவிடவில்லை. அதற்குப் பரிகாரமாக எழுத்தையும் சாட்சியையும் வகுத்துத் தந்திருக்கிறது. நம்பிக்கைக்கு உரியவர்தானே, எழுதுவது எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவருடைய நேர்மையில் ஐயம் கொண்டு எழுதுவதில்லை. அவரும் மறக்கக்கூடியவர் என்பதால் எழுதுகிறோம்.

சாவி என்றதும் நினைவுக்கு வருவது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டின் மக்கா வெற்றி. அன்று கஅபாவின் சாவியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை வழிவழியாகக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்தே விரிவுரையாளர்கள் பலர் விளக்குகின்றனர். அச்சாவி இன்றளவும் அக்குலத்தாரிடமே இருக்கிறது. ஒரு சாவி எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் அது அமானிதம். ஒருவரின் நினைவுக்குள் மட்டும் கிடப்பது அவரோடு போய்விடும்.

ஆகவே வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: அடுத்த விடுப்பில் வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் உம்மாவையும் மனைவியையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் வைஃபையின் பெயர், கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்தின் முகவரியும் சொல்லும், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், அவர்கள் வழங்கிய பயனர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். மின் இணைப்பு எண், எரிவாயு நுகர்வோர் எண், வீட்டு வரி எண் ஆகியவையும் இடம்பெறட்டும். வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டகத்திலேயே அக்குறிப்பேடும் இருக்கட்டும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அவை எவருடனும் பகிரத்தக்கவை அல்ல.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் ஒரு சொல். "அதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்" என்று விலகி நிற்காதீர்கள். நாள் முழுதும் வீட்டைக் காப்பவர் நீங்கள்; அதன் சாவியைக் கேட்பது உங்கள் உரிமை. எழுதியதை வைத்து ஒருமுறை நீங்களே ஒரு கருவியை இணைத்துப் பாருங்கள். எழுதியது சரிதானா என்பது அப்போதுதான் உறுதியாகும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணவும், உரியவரிடம் உரிய காலத்தில் சேர்க்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.